ஆஸ்பத்திரிக்குப் போன கதவு

போன மாதம் ஒரு முற்பகலில் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். எதைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் கேட்பாள்.

"சார், பழைய சர்வரையெல்லாம் எடுக்கறோம். இனிமே எல்லாம் கிளவுடுதான். சர்வர் வச்சிருந்த இரும்பு ரேக்கெல்லாம் ஸ்கிராப்புக்குப் போகுது. அதுல ஒண்ணுக்கு மட்டும் கதவு தலைகீழா மாட்டியிருக்கு சார். கம்பெனி பேரு கவுந்து கெடக்குது. கமிட்டில காரணம் கேக்கறாங்க. என்னன்னு எழுதட்டும்?"

"பராமரிப்புன்னு எழுதும்மா."

"கதவுக்கு என்ன சார் பராமரிப்பு?"

அந்தக் கதவு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தது என்று சொன்னேன். நிவேதா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ரிட்டையர் ஆனவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பாள். பிறகு, "சார், அத அப்படியே எழுதிக் குடுங்க, கமிட்டிக்கு இல்ல, எனக்கு" என்றாள். எழுதுகிறேன்.

எனக்கு மந்தாரக்குப்பம். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அங்கே துணிக்கடை. பக்கத்து நிலக்கரிச் சுரங்க நகரியத்துக்குள் டேட்டா என்ட்ரி ஆபரேட்டராக நான் நுழைந்த காலத்தில், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட தாளில் பிரிண்டர் கரகரவென்று சம்பளப் பட்டியல் அடிக்கும். அதைக் கிழித்து அடுக்குவதுதான் என் உத்தியோகம். அப்புறம் சர்வர் வந்தது, டேட்டாபேஸ் வந்தது. சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது ஒரு தோள்பையும் சான்றிதழும் கொடுத்தார்கள். முதலில் பையின் ஜிப் போயிற்று, அப்புறம் பயிற்சியும் மறந்துபோயிற்று. மீதியெல்லாம் பிழைச் செய்திகளைப் படித்துப் படித்து வந்த அறிவுதான்.

டேட்டாபேஸில் 'ஜாப்' என்று ஒன்று உண்டு. சொல்லிவைத்த நேரத்துக்குத் தானாக எழுந்து, சொல்லிவைத்த வேலையைச் செய்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஷிப்ட் வருகையைச் சேர்ப்பதற்கு ஒரு ஜாப், சம்பளத்துக்கு ஒன்று, குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் கட்டணத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ஜாபுக்கும் ஓர் உரிமையாளர் பெயர் கொடுக்க வேண்டும். விவரம் தெரிந்த இடங்களில் சர்வரோடு கூடவே வரும் 'எஸ்ஏ' என்ற நிர்வாகக் கணக்கின் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். அது லீவு போடாது, சாகாது.

எங்கள் ஊரில் அப்படி நடக்குமா? இங்கே எல்லாம் சீனியாரிட்டி. குவார்ட்டர்ஸ் சீனியாரிட்டிப்படி. ஃபேனுக்கு நேர் கீழே உள்ள நாற்காலி சீனியாரிட்டிப்படி. ஆயுத பூஜைக்கு சர்வர் அறை வாசலில் பூசணிக்காய் உடைப்பவர்கூட சீனியாரிட்டிப்படிதான். ஆகவே ஜாப்களும் ஆபீஸில் யார் மூத்தவரோ அவர் பெயரில் இருக்க வேண்டும் என்பது மரியாதை. மூத்தவர்தான் அடுத்து ரிட்டையர் ஆகப்போகிறவர் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர் ஓய்வு பெறும் அன்று மாலையே அவருடைய கம்ப்யூட்டர் கணக்கை மூடிவிடுவார்கள். மறுநாள் காலை அவர் பெயரில் இருந்த ஜாப் எல்லாம் வரிசையாக ஃபெயில் ஆகும். 'உரிமையாளருக்கு சர்வரில் நுழைய அனுமதி இல்லை' என்று சிவப்பில் வரும். உடனே அடுத்த சீனியர் பெயருக்கு மாற்றுவோம். அவரும் கொஞ்ச நாளில் மாலை போட்டுக்கொள்வார். இதை யாரும் கோளாறாக நினைக்கவில்லை. மாலை, சால்வை, குரூப் போட்டோ, மறுநாள் காலை ஜாப் ஃபெயில். இதுதான் முறை என்று நாங்களும் பழகிவிட்டோம்.

இந்த நிலையில்தான் எங்களுக்குத் தலைவராக அருளானந்தம் சார் வந்தார். அதுவரை சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தவர். நிலக்கரித் தூசி நுரையீரலுக்கு ஆகவில்லை என்று டாக்டர் சொன்னதால் ஏசி உள்ள இடமாகப் பார்த்து எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். சர்வர் அறைக்குள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்த முதல் மனிதர் அவர்தான். கடைசி மனிதரும் அவரே. ரேக்கைத் திறப்பதற்கு முன் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே யாராவது இருந்தால் வெளியே வந்துவிட வேண்டுமாம். உத்தரவு சொன்னால் போதாது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பிரிண்டருக்கு டோனர் மாத்துங்க ஜபருல்லா. திருப்பிச் சொல்லுங்க" என்பார். "பிரிண்டருக்கு டோனர் மாத்தறேன் சார்" என்று சொன்னால்தான் அந்த இடத்தை விட்டு நகர்வார். எனக்கு முன்கோபம் உண்டு. முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னேன்.

சுரங்கத்து நடைமுறை முழுவதையும் அவர் எங்கள் அறைக்குக் கொண்டுவந்தார். எந்த வேலைக்கும் பெர்மிட். வேலை பார்ப்பவர் தன் பெயர் எழுதிய சிவப்பு டேக்கை ரேக் கதவில் கம்பியால் கட்டி, ஈய முத்திரை அழுத்த வேண்டும். டேக் தொங்கும்வரை வேறு யாரும் அந்த மிஷினைத் தொடக் கூடாது. மாட்டியவர்தான் தன் கையால் கழற்ற வேண்டும்.

ஒரு தடவை அப்டேட் போடும்போது திரையில் ஒரு செய்தி வந்தது: 'இன்னொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது. அது முடிந்த பின் முயலவும்.' அடிக்கடி வருவதுதான். ஏதோ பழைய நிறுவல் நினைவகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் விட்டால் தானே போய்விடும். அருளானந்தம் சார் என் முதுகுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டார்.

"இன்னொருத்தர் வேலை பாக்கறாரா? யாரு?"

"யாரும் இல்ல சார். அது சும்மா சொல்லுது."

"மிஷின் சும்மா சொல்லாது. அந்த ஆளுக்கு யார் பெர்மிட் குடுத்தது?"

கட்டடத்தைக் காலி செய்து எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிற்க வைத்துத் தலை எண்ணினார். கேட் பதிவேட்டோடு ஒப்பிட்டால் ஒரு தலை குறைந்தது. தேடிப் போனால், மொட்டை மாடியில் ஒரு கான்ட்ராக்ட் ஏசி மெக்கானிக் புது யூனிட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார். பெர்மிட் இல்லை. அவரைக் கீழே இறக்கி, தண்ணீர் கொடுத்து, விளக்கம் எழுதி வாங்கிவிட்டு உள்ளே வந்தால், அப்டேட் ஒழுங்காக ஏறிவிட்டது. "பாத்தீங்களா?" என்றார். அவருக்கு நான் என்னத்தை விளக்குவது? அன்றிலிருந்து அந்தச் செய்தி வரும்போதெல்லாம் மாடிக்கு ஆள் அனுப்புவோம்.

இப்போது கலியபெருமாளண்ணன் கதைக்கு வருகிறேன். எனக்குப் பக்கத்து மேஜை அவருடையது. முத்தாண்டிக்குப்பத்துக்காரர். என்னை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார். அருளானந்தம் சாரைத் தவிர்த்து ஆபீஸில் அவர்தான் மூத்தவர் என்பதால், மருத்துவ அட்டை ஜாப் அவர் பெயரில் இருந்தது. பணியில் இருப்பவர் ஓய்வு பெற்றதும், நகரியத்து ஆஸ்பத்திரிப் பட்டியலில் அவரையும் மனைவியையும் 'பணி ஓய்வு பெற்றவர்' பகுதிக்கு மாற்றிப் புது அட்டை எண் கொடுப்பதுதான் அந்த ஜாபின் வேலை.

அவர் ஓய்வு பெற்ற அன்று காலை, அந்த சர்வருக்கு ஓர் அப்டேட் போட வேண்டியிருந்தது. "நீங்க உக்காருங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"கடைசி நாளும் அதுவுமா என்னைச் சும்மா குந்திகினு இருக்கச் சொல்றியா பாய்?" என்று டேக்கை அவரே எழுதி, அவரே கட்டி, முத்திரையும் அழுத்தினார்.

அப்டேட் பாதி வழியில் நின்றது. 'மறுதொடக்கம் நிலுவையில் உள்ளது' என்றது. அவர் அதை என்னவென்று பார்ப்பதற்குள் யூனியன்காரர்கள் ஆள் உயர மாலையோடு வந்துவிட்டார்கள். மேடை, பேச்சு, சால்வை. அண்ணி தையல்நாயகி மேடையில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். இன்று நினைத்தாலும் அந்தக் கைதட்டல் உறுத்துகிறது. அப்புறம் வழக்கப்படி மாலையோடு அண்ணனை வேனில் ஏற்றி, வீடு வரை கொண்டுபோய் விட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தோம். டேக் கதவிலேயே தொங்கியது.

மறுநாள் காலை ஜாப் ஃபெயில். உரிமையாளருக்கு அனுமதி இல்லை. எதிர்பார்த்ததுதானே என்று நான் போய் உட்கார்ந்தேன்.

"கைய எடுங்க" என்றார் அருளானந்தம் சார். டேக்கைக் காட்டினார்.

"சார், அவர் ரிட்டையர் ஆயிட்டார்."

"டேக் ரிட்டையர் ஆவலியே."

டேக்கைக் கழற்ற எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள் என்றார். கேட்டேன். பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பினார். அவர்கள் இந்த டேக் விதி சுரங்கத்துக்குப் பொருந்துமா ஆபீஸுக்குப் பொருந்துமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இதற்குள் ஒரு நாள் அண்ணி வீட்டு வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். நகரியத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதய வால்வு கெட்டுவிட்டது, தாமதிக்காமல் சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அனுப்புவதற்கு ரெஃபரல் கடிதம் வேண்டும். கடிதம் அடிக்க அட்டை எண் வேண்டும். கையால் எழுதினால் சென்னையில் ஏற்க மாட்டார்கள்.

செய்தி கேட்டு நான் ஓடினேன். கவுன்ட்டரில் கலியபெருமாளண்ணன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கிளார்க் அவருடைய நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க வேலையில இல்லன்னு வருது."

"ஆமாங்க, ரிட்டையர் ஆயிட்டன்."

"ரிட்டையர் லிஸ்ட்லயும் பேர் இல்லீங்களே. கம்ப்யூட்டர்ல நீங்க இன்னும் ரிட்டையர் ஆவல."

"அப்ப நான் இன்னாதாங்க?"

கிளார்க் திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "அதான் தெரியல" என்றார்.

எனக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதால் ஜாப் ஓடவில்லை. ஜாப் ஓடாததால் அவர் ஓய்வு பெறவில்லை. அந்த மாதம் ரிட்டையர் ஆன மற்றவர்களும் இப்படித்தான் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராததால் விஷயம் தெரியவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், நாயகிக்கு மூச்சே வரமாட்டேங்குது பாய்" என்றார்.

நேராக அருளானந்தம் சாரிடம் போனேன். "சார், அஞ்சு நிமிஷ வேலை. மிஷினை ரீஸ்டார்ட் பண்ணி அப்டேட்டை முடிக்கிறேன். ஜாபை எஸ்ஏ பேருக்கு மாத்தறேன். முடிஞ்சுது."

"எஸ்ஏ யாரு?"

"ஆளில்ல சார். சர்வரோட கணக்கு."

"எம்ப்ளாயி நம்பர்?"

"கிடையாது சார்."

"நம்பர் இல்லாத ஆள்கிட்ட இத்தனை குடும்பத்தோட வைத்தியத்த ஒப்படைக்கச் சொல்றீங்க. நாளைக்கு ஒரு தப்பு நடந்தா நான் யாருக்கு மெமோ குடுப்பேன்?"

கத்திவிட்டேன். "அங்க ஒரு அம்மா மூச்சு விட முடியாம கெடக்கறாங்க சார்! நீங்க டேக்கைப் பிடிச்சுத் தொங்கறீங்க!" என்றேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

அவர் கோபப்படவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவர் தலையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். சுரங்கத்தில் ஒரு நாள் பெல்ட்டுக்கு அடியில் ஓர் ஆள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். டேக் தொங்கியது. கழற்றலாமா என்று மேலே இருந்தவர் போனில் கேட்டார். கீழே போனை எடுத்தவர், சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழாமலே, சரி என்றார். டேக்கைக் கழற்றி பெல்ட்டை ஓட்டினார்கள். "ஓடிப்போயி கயிற இழுத்து நிறுத்தினது நான்தான். ஆள் பொழச்சுட்டார். கை போயிடுச்சு" என்றார். "அந்த அம்மா நல்லா ஆவணும்னுதான் சொல்றேன். பாதி வேலைல விட்டுட்டுப் போனவர் உள்ள என்னத்த விட்டார்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவர் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் போட்டேன். "எடுத்துடு பாய், டேக்கதான, எடுத்துப் போடு" என்றார் அண்ணன், பின்னால் யாரோ மருந்துச்சீட்டுக்குக் கூப்பிடும் சத்தத்தோடு. அருளானந்தம் சார் தலையை ஆட்டினார். "இதேதான். போன்ல இப்படித்தான் சொல்வாங்க. நேர்ல வந்து கழட்டச் சொல்லுங்க."

அண்ணன் உள்ளே வர முடியாது. பணியாளர் அட்டையை ஒப்படைத்துவிட்டார். ஓய்வு பெற்றவர் என்று கேட்டில் விட வேண்டுமானால் ஓய்வூதியர் அட்டை வேண்டும். அதைக் கொடுப்பதும் அதே ஜாப்தான். வெளியாள் என்று பாஸ் போட்டால், வெளியாட்களுக்கு சர்வர் அறையில் அனுமதி இல்லை. அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அருளானந்தம் சார். டேக்கை மட்டும் கொண்டுபோகலாம் என்றால், முத்திரையை உடைக்காமல் கதவிலிருந்து பிரிக்க முடியாது.

அருளானந்தம் சார் கொஞ்ச நேரம் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு நின்றார். "அவர் வர முடியாது. டேக் வர முடியாது" என்றார். "கதவு வரும்ல?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "கதவக் கழட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். திருப்பிச் சொல்லுங்க."

"கதவக் கழட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம் சார்" என்றேன். சொல்லும்போது என் காதே நம்பவில்லை.

ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றினோம். ஆள் உயரத்துக்கு, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஓர் இரும்புக் கதவு. நடுவில் சிவப்பு டேக். கேண்டீனுக்குக் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டியானை வண்டியை மடக்கி அதில் ஏற்றினோம். கேட்டில் காவலர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"கதவு எங்க சார் போவுது? ரிப்பேருக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றார் அருளானந்தம் சார்.

காவலர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"திரும்பி வர்ற பொருளா, வராத பொருளா?"

"திரும்பி வரும்."

"எப்ப சார்?"

"விசிட்டிங் ஹவர் முடிஞ்சதும்."

அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு வாசலில் நர்ஸ் மறித்தார். "ஒரு பேஷன்ட்டுக்கு ரெண்டு பேருக்கு மேல விடமாட்டோம். இது என்ன?" கதவு என்றேன். எங்களிடம் கதவு இருக்கிறது என்றார் அவர். அருளானந்தம் சார் அவரிடம் அனுமதி கேட்டு, நன்றி சொல்லி, கதவைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி உள்ளே நடத்தினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கொசுவலைக்குப் பதிலாக அரசாங்கம் புதிதாக எதையோ கொடுக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார்கள். ஓர் அம்மா, "எங்களுக்கும் வருமாப்பா?" என்று கேட்டார்.

தையல்நாயகி அண்ணி மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. அண்ணன் கதவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நாற்பது வருஷப் பழக்கம்; மேலதிகாரியும் மிஷினும் சேர்ந்து வந்தால் எழத்தான் தோன்றும். கட்டிலின் கால்மாட்டில் கதவை நிறுத்தினோம். நானும் ஃபிட்டரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அருளானந்தம் சார் கையோடு கொண்டுவந்த இன்னொரு ஹெல்மெட்டை அண்ணன் தலையில் வைத்தார்.

"இந்த டேக் மாட்டினது நீங்களா?"

"ஆமாங்க சார்."

"என்ன வேலைக்கு?"

"அப்டேட் போடறதுக்கு."

"வேலை முடிஞ்சுதா?"

"இல்லீங்க. பாதில மால போட்டுட்டாங்க."

"உள்ள என்னத்த விட்டீங்க?"

"ஒண்ணியும் விடலிங்க சார்." அண்ணன் கை டேக்குக்குப் போனது.

"அவசரப்படாதீங்க. கதவப் பாருங்க. கதவுக்குப் பின்னாடி மிஷின் இருக்குன்னு நெனைங்க. முதல்ல என்ன பண்ணீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க."

அண்ணன் டேக்கைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. குழாயை விலக்கிவிட்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினார்.

"இன்னாத்த மறந்தன்னு சொல்லுய்யா... அவரு கேட்டுகினு இருக்காருல்ல. அன்னிக்கி மாலயப் போட்டதும்... என்னியவே மேடையில மறந்துட்டு... வேன்ல ஏறி வூட்டுக்குப் போனவன்தான நீ."

வார்டே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியது.

"சார், ஒண்ணு வுட்டுட்டன்" என்றார். "மெடிக்கல் லிஸ்ட்ட நகல் எடுத்தன். அப்பறமா சரியான எடத்துல வைக்கலாம்னு சொல்லி டெம்ப் ஃபோல்டர்ல வச்சிகினு இருந்தன். அதுக்குள்ளதான் கூப்டுட்டாங்க. பாய், ரீஸ்டார்ட் போட்டுட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், தற்காலிகமாகப் போட்டுவைக்கும் அந்த டெம்ப் ஃபோல்டர் தானாகத் துடைக்கப்படும். எப்போதோ யாரோ அப்படி வைத்திருந்தார்கள். பாதியில் நின்ற அப்டேட் அசல் பட்டியலை என்ன செய்து வைத்திருக்கிறதோ தெரியாது. நகலும் போயிருந்தால், அண்ணியின் பெயர் மட்டும் இல்லை, அந்த வார்டில் சிரித்த அத்தனை பேர் பெயரும் பட்டியலில் இருந்திருக்காது. என் பிடி நழுவிக் கதவு ஒரு பக்கம் சாய்ந்தது. ஃபிட்டர், "சார் கெட்டியா புடிங்க" என்றார்.

அருளானந்தம் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். "டெம்ப் ஃபோல்டர்ல நகல் இருக்கு. முதல்ல அத எடுத்து வைக்கணும். திருப்பிச் சொல்லுங்க ஜபருல்லா" என்றார். திருப்பிச் சொன்னேன். இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை.

அண்ணன் முத்திரையை உடைத்து, கம்பியை முறுக்கிப் பிரித்து, டேக்கை அருளானந்தம் சார் கையில் கொடுத்தார். பக்கத்துக் கட்டில் அம்மா கைதட்டினார்.

ஆபீஸுக்குத் திரும்பி முதலில் நகலை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். ரீஸ்டார்ட் செய்ததும் டெம்ப் ஃபோல்டர் சுத்தமாகக் காலி. அசல் பட்டியல் உண்மையிலேயே பாதிக்குப் பாதி சிதைந்திருந்தது. நகலிலிருந்து மீட்டேன். அப்டேட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. மிச்சம் இருந்தது உரிமையாளர் பெயர். அருளானந்தம் சார் யோசித்தார்.

"அந்த எஸ்ஏ, ரிட்டையர் ஆவாதா?"

"ஆவாது சார்."

"மாலை?"

"போட முடியாது சார்."

"சரி, அதையே போடுங்க. ஆனா ஒரு டேக்ல 'எஸ்ஏவுக்குப் பொறுப்பு ஜபருல்லா'ன்னு எழுதி ரேக்குல மாட்டிடுங்க. தப்புன்னா மெமோ வாங்க ஒரு ஆள் வேணும்."

மாட்டினேன். ஜாபை ஓட்டினேன். பச்சையில் 'வெற்றி' என்று வந்தது. ஆஸ்பத்திரி கிளார்க்குக்குப் போன் செய்தேன். அவர் நம்பரை அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கவுன்ட்டரிலிருந்து வார்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்: "ஐயா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க!" ஆபீஸில் மாலை போட்டபோது முகம் தொங்கிப்போயிருந்த மனிதர், அங்கே கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுது சிரித்தாராம். அன்றே ஆம்புலன்ஸில் சென்னைக்குப் போனார்கள். அண்ணி புது வால்வோடு திரும்பி வந்தார். இப்போதும் முத்தாண்டிக்குப்பத்தில் அண்ணனைப் பேர் சொல்லித் திட்டும் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. பெருநாளைக்கு நான் பிரியாணி கொண்டுபோனால், "உங்க கதவு நல்லா இருக்கா பாய்?" என்று அண்ணி கேட்பார்.

கதவு மட்டும் தலைகீழாகிவிட்டது. திரும்பி வந்த அவசரத்தில் ஃபிட்டர் கவனிக்காமல் மாட்டிவிட்டார். அருளானந்தம் சார் வந்து பார்த்தார். சரியாக மாட்ட வேண்டுமானால் மறுபடி பெர்மிட் போட வேண்டும். "பூட்டுதுல்ல? இருக்கட்டும்" என்றார். அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட வந்தவர்களை நிறுத்திவைத்து, தன் பெயரில் எந்த டேக்கும் தொங்கவில்லை என்று எல்லா ரேக்கையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினார். போகும்போது சர்வர் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே யாரும் இல்லை.

என் முறையும் வந்தது. கடைசி நாள் காலையிலேயே என் டேக்கை என் கையால் கழற்றி, நிவேதாவின் டேக்கை மாட்ட வைத்தேன். திருப்பிச் சொல்லவும் வைத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் மாலை, சால்வை, வேன், வடை, பாயசம்.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் விடியுமுன் எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜாப் ஓடும் நேரம். மனசு தானாக அதை எண்ணிக்கொண்டிருந்தது. போன் ஒரு தடவை சிணுங்கியது. 'தாங்கள் பணி ஓய்வு பெற்றவராகப் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள். தங்கள் மருத்துவ அட்டை எண்' என்று ஆரம்பித்து ஒரு நீளமான எண். ஒரு பிழையும் இல்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு ஜாப் இன்றைக்கு ஒரு நாள் ஃபெயில் ஆகக் கூடாதா என்று நான் நினைத்தது அந்த ஒரு காலையில்தான். அந்தச் செய்தியை வாய்விட்டு ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "யாருங்க போன்ல?"

"ஆபீஸ்லேர்ந்து."

"காலங்காத்தால என்னவாம்?"

"எல்லாம் சரியா ஓடுதாம்" என்றேன்.